மூன்று மணி நிழல்

லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றபோது, டெய்லர் தைத்து முடித்த கோட்டுகளைத் தோளில் சுமந்துகொண்டு உள்ளே இருந்தார். விளக்கும் அணைந்துவிட்டது.

"யாருங்க வெளியில? கரண்ட் போயிடுச்சா?" என்று கதவைத் தட்டினார்.

மேல்மாடியில் குடியிருக்கும் டீச்சரின் குரல் கேட்டது. "கரண்ட் எங்க சார் போச்சு? வெயில்தான் போச்சு."

"மூணு மணிக்கு வெயில் எங்கங்க போகும்?"

"மொட்டை மாடிக்கு வந்து பாருங்க."

"வரணும்னா முதல்ல என்னை வெளியில எடுங்க!"

அரை மணி நேரம் கழித்துத்தான் அவரை இழுத்து எடுத்தார்கள். கோட்டுகள் கசங்கியிருந்தன. அவற்றைவிட அவர் முகம் கசங்கியிருந்தது. நேரே மொட்டை மாடிக்கு ஏறினார். அங்கே வரிசையாகப் படுத்திருந்த சோலார் தகடுகள் எல்லாவற்றின் மேலும், பக்கத்தில் புதிதாக எழும்பும் கட்டடத்தின் அரைகுறை மேல்மாடி நிழல் உரிமையோடு உட்கார்ந்திருந்தது.

டெய்லருக்கு வயிறு எரிந்தது. எரியாதா? காலமெல்லாம் ஊசியில் நூல் கோத்துச் சேர்த்ததை எல்லாம் இந்தப் பசுமைக் குடியிருப்பில்தான் கொட்டியிருந்தார். லிஃப்ட், தண்ணீர் மோட்டார், மாடிப்படி விளக்கு எல்லாம் வெயிலில் ஓடும். மிஞ்சிய மின்சாரத்தை விற்று வரும் காசில் வீட்டுக்காரர்களுக்குப் பங்கு உண்டு. கண் மங்கி ஊசியில் நூல் ஏறாமல் போகும் காலத்தில் அந்தப் பங்குதான் தமக்கும் மனைவிக்கும் சோறு போடும் என்று நம்பியிருந்தார். யார் வயிற்றிலும் அடிக்காமல், ஒரு மரத்தையும் வெட்டாமல் வருகிற காசு என்பதில் அவருக்குத் தனிப் பெருமை.

அந்தப் பெருமையை அவர் தமக்குள் வைத்துக்கொண்டவரும் அல்லர். சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவன் கையைத் தூக்கியபடி நிற்க, அவன் மார்பில் டேப்பைச் சுற்றிக்கொண்டே பசுமை வீட்டைப் பற்றிப் பேசுவார். மூச்சை இழுத்துப் பிடித்திருக்கிறவன் எப்படி மறுத்துப் பேசுவான்? பொத்தான் கொண்டுவருகிறவர், வாடகைக் காரோட்டி, மனைவி என்று அவரிடம் உபதேசம் வாங்காதவர் கிடையாது.

இறங்கி நேரே பக்கத்து மனைக்குப் போனார். மஞ்சள் தொப்பி போட்ட இன்ஜினியர் பெண் ஒருத்தி செங்கல் அடுக்கின் மேல் வரைபடத்தை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேல் ஒரு பெரிய பலகை. 'சுற்றுச்சூழலுக்கு உகந்த பசுமை இல்லங்கள்' என்று எழுதி, ஓர் இலையும் வரைந்திருந்தார்கள்.

"இதுவும் பசுமையா?" என்றார் டெய்லர். குரல் கீச்சென்று ஏறியது.

"ஆமா சார். ஒவ்வொரு மாடியிலயும் தோட்டம். மழைத் தண்ணி ஒரு சொட்டு வீணாகாது."

"எங்க வெயிலத் திருடித் தோட்டம் போடுவீங்களோ? என்ன அநியாயம் இது!"

"முறையா அனுமதி வாங்கித்தான் சார் கட்டறோம். வேணும்னா உங்க தகடுகளைக் கொஞ்சம் உசத்தி வெச்சுக்கோங்க."

வீட்டுக்கு வந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து கூலிக்குத் துணியில் பூவேலை செய்துகொண்டிருந்த மனைவி ஊசியை நிறுத்தினாள்.

"என்னங்க, நான் ஒண்ணு சொல்லணும்..."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். அவங்களைச் சும்மா விடமாட்டேன்!"

மறுநாள் டேப்பும் சாக்கட்டியுமாக மொட்டை மாடிக்குப் போனார். நிழலுக்கு நீளம், அகலம், இடுப்பு வரைக்கும் அளவெடுத்துக் கோடு போட்டார். எந்த உயரத்துக்குத் தூக்கினால் வெயில் விழும் என்று கணக்குப் பார்த்து, இரும்புச் சட்டம் அடித்துத் தகடுகளை அதன் மேல் ஏற்ற ஏற்பாடு செய்தார். கடையில் அளவு குறிக்கிற அதே டேப், அதே துண்டுச்சீட்டு. கடையில் அந்த வாரம் தலைமையாசிரியர் ஒருவர் தம் புதுக் கால்சட்டையைப் போட்டுப் பார்த்தபோது, அது இடுப்பிலிருந்து இறங்கி, பாதத்தைத் தாண்டி, வாசல்வரை போனது.

"என்னய்யா இது?"

"அது... நிழலோட அளவு சார். மாறிப்போச்சு" என்றார் டெய்லர். தலைமையாசிரியர் அதற்குப் பிறகு அந்தத் தெருப் பக்கமே வரவில்லை.

தகடுகள் உயர்ந்தன. கூடவே சத்தமும் உயர்ந்தது. காற்றடித்தால் போதும், சட்டங்கள் கடகடவென்று ஆடும். டீச்சர் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"சார், என் தலைக்கு மேல ரயில் ஓடுது!"

"நல்ல காரியத்துக்குக் கொஞ்சம் பொறுத்துக்கங்க டீச்சர்."

"பொறுத்துக்கறேன். ஆனா உங்க பக்கத்துக் கட்டடம் பொறுத்துக்கலையே? அங்க பாருங்க."

பார்த்தார். அங்கே மேல்மாடி கூரையோடு இன்னும் உயர்ந்துகொண்டிருந்தது. நிழல் சாவகாசமாக வந்து, உயர்த்திய தகடுகளின் மேலும் ஏறிப் படுத்தது.

டெய்லர் நகராட்சிக்கு மனு எழுதினார். ஓர் அதிகாரி வந்தார். பக்கத்துக் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்து, "எல்லாம் சரியா இருக்கு" என்றார். பிறகு அண்ணாந்து, இவர்கள் மொட்டை மாடியைப் பார்த்தார்.

"அது என்ன இரும்புக் கூண்டு? யாரைக் கேட்டு வெச்சீங்க?"

"வெயிலுக்காக சார்..."

"வெயில் சரி. அனுமதி எங்க? உடனே கழட்டுங்க. சட்டத்தோட தகடும் இறங்கணும்."

பழைய இடத்திலோ நிழல்; தகடுகளையும் கழற்றிச் சுவரோரம் சாய்த்தாயிற்று. லிஃப்ட் படுத்துவிட்டது. மோட்டாரும் படுத்துவிட்டது. வாளியோடு மாடி ஏறிய எல்லாரும் டெய்லர் வீட்டு வாசலில் ஒரு நிமிஷம் நின்று மூச்சு வாங்கிவிட்டுப் போனார்கள். கடைசியில் வேறு வழியில்லாமல் ஒரு டீசல் ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்தார்கள். பசுமைக் குடியிருப்பின் வாசலில் நின்று அது கறுப்புப் புகையைக் கக்கியது. துவைத்துக் காயப்போட்ட துணியெல்லாம் கரி.

"யார் வயித்துலயும் அடிக்காத காசுன்னு நெனச்சேனே! இப்ப ஊர் மூக்குல கரி பூசறேன்!" என்று டெய்லர் தலையில் அடித்துக்கொண்டார். "எல்லாம் அந்தக் கட்டடத்தால!"

"அங்க வீடு வாங்கினவங்களும் நம்மள மாதிரிதானேங்க. நல்லதுன்னு நம்பித்தானே வாங்கியிருப்பாங்க?" என்றாள் மனைவி மெதுவாக.

"நம்மள மாதிரியா? அடுத்தவன் வெயிலை மறைச்சுக்கிட்டுத் தோட்டம் வளக்கறவன் மனுஷனா? அவனுக்கு நீ ஏன் வக்காலத்து வாங்கற?"

அவள் கரி படிந்த துணிகளை உதறி மடிக்கத் தொடங்கினாள்.

மறுநாள் காலை டெய்லர் பக்கத்து மனை வாசலில் குவிந்திருந்த மணலின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். டீச்சர் குடையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வாளி தூக்கிக் கை காய்த்துப்போனவர்களும் வந்து சேர்ந்தார்கள். கான்கிரீட் கலவையை வயிற்றில் வைத்துச் சுழற்றிக்கொண்டே வந்த லாரி, உள்ளே நுழைய முடியாமல் நடுத்தெருவில் நின்றது.

இன்ஜினியர் பெண் ஓடி வந்தாள். "சார், எழுந்திருங்க. கலவை இறுகிடும்!"

"இறுகட்டும். என் மனசும் இறுகித்தான் கிடக்கு."

"லாரியே வீணாப் போயிடும் சார்!"

"என் ஆயுசே வீணாப் போச்சு, லாரி பெருசா?"

அவள் போனைக் காதில் வைத்தபடி அங்குமிங்கும் நடந்தாள். லாரி ஓட்டுநர் கலவையை எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். கொஞ்ச நேரத்தில் அவள் திரும்பி வந்தாள்.

"தினமும் இப்படி வேலை நின்னா நஷ்டம்னு முதலாளி ஒத்துக்கிட்டாரு. மேல்மாடியை எடுத்துட்டா உங்க மேல நிழல் விழாது. தூணும் கூரையும்தான் போட்டிருக்கோம், இடிச்சுடறோம்."

"நிஜமா?"

"நிஜம். அந்த மாடியில மொத்தமே ஒரே வீடுதான். அதை வாங்கினவங்களுக்குத்தான் சார் பாவம், எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"அதுல என்னம்மா பாவம்? ஊரான் வெயிலுக்கு ஆசைப்பட்டா இப்படித்தான் ஆகும்னு நான் சொன்னேன்னு சொல்லு!"

மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். எல்லாரும் கை தட்டினார்கள். டீச்சர்கூடக் குடையை மடக்கிவிட்டுத் தட்டினார்.

இடிக்கும் வேலை நடந்த நாள்களில் டெய்லர் கடையைச் சரியாகத் திறக்கவில்லை. ஒவ்வொரு சம்மட்டி அடியையும் மொட்டை மாடியில் நின்று ரசித்தார். மனைவியை வரச் சொன்னார். தலைவலி என்று அவள் வரவில்லை. தகடுகள் பழைய இடத்துக்கே திரும்பின. ஜெனரேட்டர் போன திசைக்கு ஒரு கும்பிடு போட்டார். மூன்று மணிக்கு வெயில் பளீரென்று விழுந்தது. லிஃப்ட் மேலே வந்தது, கீழே போனது, மறுபடி மேலே வந்தது. வேலையே இல்லாமல் அதில் நாலு தடவை ஏறி இறங்கினார்.

வீட்டுக்குள் வந்தபோது நெஞ்சு நிமிர்ந்திருந்தது. "பாத்தியா? நியாயம் ஜெயிச்சுது. நம்ம வயசான காலத்துக்கு இனிமே ஒரு குறையும் இல்ல!"

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஊசி கையில் இருந்தது, நூல்தான் கோக்கவில்லை.

அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் இன்ஜினியர் பெண். கையில் ஒரு காகிதம். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று டெய்லர் பெருந்தன்மையோடு சிரித்தார்.

"வாம்மா, வா. நடந்தது நடந்துபோச்சு. மனசுல வெச்சுக்காத."

அவள் அவரைப் பார்த்தாள். காகிதத்திலிருந்த முகவரியைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் தலைகுனிந்து நின்ற மனைவியைப் பார்த்ததும் ஓரடி பின்வாங்கினாள்.

"அய்யோ அக்கா, இவரா உங்க வீட்டுக்காரர்? பூவேலைக் காசைச் சேத்து, ஆச்சரியமா இருக்கட்டும்னு அந்த மேல்மாடி வீட்டை இவர் பேர்லதானே வாங்கினீங்க? அப்ப இடிச்சதுக்குச் சம்மதம்னு இவர்தான் கையெழுத்துப் போடணும்."