வாசலில் கிடக்கும் ஆளுயரக் கண்ணாடி

21-ஆம் வட்டம், நெய்வேலி
புதன்கிழமை, பகல்

மரியாதைக்குரிய மைத்துனர் கண்ணையன் அவர்களுக்கு, தங்கள் அக்காள் கனகத்தின் வீட்டுக்காரன் வேணு வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நான், கனகம், மகள் எழில்மதி மூவரும் சுகம். குறிஞ்சிப்பாடியில் தங்கள் வீட்டாரும் கறவை மாடுகள் இரண்டும் சுகம்தானே. மரியாதை இவ்வளவு போதும் மச்சான், நான் பெரிய இக்கட்டில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எழிலைப் பெண் பார்க்க நீ அழைத்து வருகிற நெல்லிக்குப்பத்துக்காரர்களை எப்படியாவது ஒரு வாரம் தள்ளி வரச் சொல். போனில் சொல்லலாம்தான். ஆனால் இந்த இரண்டு அறை குவார்ட்டர்ஸில் நான் "தள்ளி" என்று வாயெடுத்தாலே உன் அக்காள் கரண்டியோடு வந்துவிடுவாள்.

நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் வீட்டுக் கண்ணாடி உனக்குத் தெரியும். ரசம் போய், நெற்றி தெரிந்தால் வாய் தெரியாது. பெண் பார்க்க வருகிற நாளில் பெண் தன்னை முழுசாகப் பார்த்துக்கொள்ள வேண்டாமா என்று, ஆளுயரக் கண்ணாடி ஒன்றை எழிலின் செல்போனில் நானே விரலால் அமுக்கி ஆர்டர் போட்டேன். பத்தாவதைத் தாண்டாதவன் ஆன்லைனில் பொருள் வாங்கினான் என்று எங்கள் குவார்ட்டர்ஸ் வட்டம் முழுக்கச் சொல்லி வைத்ததும் நானே. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் இன்னாசிமுத்து மட்டும் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார். நாம் ஒன்று வாங்கினால் மறுவாரம் அவர் வீட்டிலும் அது இருக்கும், அப்படி ஒரு மனிதர்.

திங்களன்று முதல் ஷிப்ட் முடிந்து வந்து சட்டையைக் கழற்றுகிறேன், வாசலில் வேன் நிற்கிறது. "கண்ணாடி ஆர்டர் போட்டது யாரு சார்?" என்றார் கொண்டுவந்தவர். நான்தான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லி, நீட்டிய இடத்தில் கையெழுத்தும் போட்டேன். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துப் படியேறும்போதே உள்ளே வளையல் கடை மாதிரி சத்தம். பெட்டியை வாசற்படியின் குறுக்கே அப்படியே இறக்கிவிட்டேன். அவர் அடுத்த வட்டத்துக்குப் போய்விட்டார். மேல் அட்டையைக் கிழித்துப் பார்த்தால் கண்ணாடி நூறு துண்டு. ஒவ்வொரு துண்டிலும் ஒரு வேணு முழிக்கிறான்.

இங்கேதான் மச்சான் என் புத்தி வேலை செய்தது. முப்பத்தொரு வருஷம் சுரங்கத்தில் கரி போகும் பெல்ட் ஓட்டியவன். அங்கே ஒரு விபத்து என்றால் சேஃப்டி ஆபீசர் வந்து பார்த்து, அளந்து, எழுதுகிற வரைக்கும் ஒரு போல்ட்டைக்கூட யாரும் தொடக்கூடாது. ஆகவே பெட்டியைச் சுற்றிச் சாக்பீஸில் கோடு போட்டேன். நாலு மூலையிலும் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டினேன். அது கனகம் ஞாயிற்றுக்கிழமைக்கென்று வாங்கி வைத்திருந்த ரவிக்கைத் துணி என்பது கட்டிய பிறகுதான் தெரிந்தது. நோட்டில் நேரம், இடம், சேதம் எல்லாம் எழுதி, சாட்சியாக இன்னாசிமுத்துவிடம் கையெழுத்து வாங்கினேன். "எந்தக் கம்பெனிக்காரனும் இதுக்குத் தப்ப முடியாதுங்க" என்று அழகாகப் போட்டுக் கொடுத்தார். அன்றிலிருந்து மூன்று பேரும் பின்வாசல் வழியாகப் போய் வந்துகொண்டிருக்கிறோம்.

செவ்வாய்க்கிழமை கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு அம்மா ரொம்பப் பணிவாக, "சார், உங்க பொருள் இன்னும் வடலூர் குடோன்லதான் இருக்கு" என்றது. "ஏம்மா, நான் அது மேல இடிச்சிக்கினு நிக்கறேன், வடலூர்ங்கிறியே" என்றேன். "நாளைக்கு டெலிவரி ஆயிடும் சார்" என்றது. "ஒடைஞ்சதையே எத்தினி வாட்டிம்மா டெலிவரி பண்ணுவீங்க?" அதற்கு அந்த அம்மா, பெட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னது. சீட்டு அடிப்பக்கம் இருக்கிறது. எடுக்க வேண்டுமானால் பெட்டியைப் புரட்ட வேண்டும், புரட்டினால் சம்பவ இடம் கலைந்துவிடும். ஆபீசர் வராமல் புரட்ட மாட்டேன் என்றேன். எந்த ஆபீசர் என்று கேட்டது. அது எனக்கும் தெரியவில்லை.

கனகம் நேற்று என் எதிரில் வந்து நின்று, "வாசப்படியில ஒடஞ்ச கண்ணாடிய பரப்பி வெச்சிக்கினு சம்பந்தம் பேசப் போறீங்களா? அந்த மாப்ள அம்மா சகுனம் பாக்கறவங்கன்னு தம்பி சொல்லிச்சா இல்லியா?" என்றாள். பெருக்கித் தள்ளிவிடலாம். தள்ளினால் ஏமாந்தவன் என்று வட்டம் பேசும். தள்ளாவிட்டால் பெண்ணுக்கு வந்த இடம் திரும்பிப் போகும். போன வருஷமே ஒரு இடம் காரணம் சொல்லாமல் போனது. அதற்குப் பிறகு எழில் ஒரு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. இப்போது அவளே, "அவங்கதானப்பா என்னைப் பாக்க வராங்க, நானா என்னைப் பாத்துக்கப் போறேன்? விடுங்க" என்று சிரிக்கிறாள். அந்தச் சிரிப்புதான் எனக்குத் தூக்கம் வராமல் செய்கிறது மச்சான். ஒரே ஒரு வாரம் வாங்கிக் கொடு. மாப்பிள்ளை வீட்டாரிடம் எனக்குக் காய்ச்சல் என்று சொல்லு. பொய்யும் இல்லை, தொட்டுப் பார்த்தால் சுடுகிறது.

வீட்டில் பெரியவர்களுக்கு என் கும்பிடு, பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், மாடுகளுக்கு ஒரு தடவல்.

இப்படிக்கு,
பின்வாசல்வழிப் பிரயாணி
வேணு

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் அதே வேன் வந்தது, இன்னொரு பெட்டியோடு. "வேணுங்கிறது யாரு சார்?" என்றார் கொண்டுவந்தவர். பெட்டியைப் பிரித்தால் முழுக் கண்ணாடி, ஒரு கீறல் இல்லை. அவரே பழைய பெட்டியைப் புரட்டிச் சீட்டைப் படித்தார்: எஸ். இன்னாசிமுத்து, 21-ஆம் வட்டம். அந்த மனிதர் தன் கண்ணாடி உடைந்ததற்குத் தானே சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இன்னாசிமுத்துவைக் கூப்பிட்டு, சரி, எடுத்துப் போங்கள் என்றேன். "அதெப்படிங்க, ஆபீசர் வராம தொடக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க. என் பொருளு, என் கேசு" என்று நாற்காலி போட்டு எங்கள் வாசலில் காவலுக்கு உட்கார்ந்துவிட்டார். ஆகவே மேலே எழுதியதை மறந்துவிடு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அழைத்து வா, ஆனால் பின்வாசல் வழியாக. பின்வாசல் வழியாக ஏற்றிய புதுக் கண்ணாடி அடுப்படியைத் தாண்டி நகரவில்லை, எழில் அதன் முன்னால்தான் நிற்கிறாள். துணிக்கொடியில் மாப்பிள்ளை அம்மாவின் தலை இடிக்காமல் பார்த்துக்கொள்.