பதினெட்டாவது மூடி

மூடி பொருந்திவிட்டது. அதுதான் பிரச்சினை.

தபால் நிலையத்தில் முத்திரை குத்தும் வேலை முடிந்து திரும்புகிற வழியில், வியாழக்கிழமை சாயங்காலம், பழைய சாமான் கடையில் அவள் அதை வாங்கினாள். வீட்டுக்கு வந்ததும் கைப்பையைக்கூடக் கழற்றாமல் கிண்ணத்தின் மேல் வைத்துப் பார்த்தாள். ‘டொக்’ என்று உட்கார்ந்தது. ஆடவில்லை, அசையவில்லை.

அது மூடி இல்லாமலே அவளிடம் வந்து சேர்ந்த, சூப் வைக்கிற பெரிய கிண்ணம். பழைய பிரிட்டிஷ் பீங்கான். செப்புத் தகட்டில் செதுக்கிய படத்தை மெல்லிய காகிதத்தில் எடுத்து, பாத்திரத்தின் மேல் ஒட்டித் தேய்த்து இறக்கிய நீலச் சித்திரம். ஒரு பாலம், ஒரு மாடு, தூண்டில் போடும் இரண்டு பேர். அடியில், காகிதம் ஒட்டிய தொழிலாளி போட்டுவிட்டுப் போன குட்டி நீலக் கொக்கி. மூடியைத் திருப்பினாள். அதே கொக்கி.

நாற்பத்திரண்டு வயதில் ஒருத்திக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் என்ன வேண்டும்? அவளுக்கு அழுகை வந்தது.

ஒன்றரை வருடமாக, மாதத்தின் முதல் சனிக்கிழமை தவறாமல், கடிகாரம் பழுது பார்ப்பவர் ஒருவர் வந்துகொண்டிருந்தார். ஓர் ஏலத்தில் இரண்டு பேரும் ஒரே தட்டைத் திருப்பிப் பார்க்கப்போய் ஏற்பட்ட பழக்கம். “மூடிதானே? நான் தேடித் தர்றேன்” என்றார். செய்தித்தாளில் சுற்றி ஒரு மூடி கொண்டு வருவார். பொருந்தாது. “பரவாயில்ல, இதுவும் இருக்கட்டும்” என்று விட்டுவிடுவார். டீ குடிப்பார். குடித்த கப்பைக் கவிழ்த்து, அடியில் என்ன முத்திரை என்று பார்ப்பார். போய்விடுவார். இப்படிப் பதினேழு மூடிகள்.

“தலைமுடி கனத்துல இருக்கிற சக்கரத்தைக் கண்ணாடி வெச்சுப் பார்க்கிற மனுஷன்” என்பாள் கூடவே இருக்கும் அண்ணி. “உருண்டைக் கிண்ணத்துக்கு முட்டை வடிவத்துல மூடி கொண்டு வர்றாரு. அவர் கையில எந்தக் கடிகாரம் ஓடும்?”

இனி அவர் எதற்கு வருவார்? முதல் சனிக்கிழமையும் மற்ற சனிக்கிழமைகளைப்போல வெறும் சனிக்கிழமை ஆகிவிடும். அவள் மூடியைச் சமையலறைப் பரணில், அந்தப் பதினேழோடு பதினெட்டாக ஒளித்து வைத்தாள்.

சனிக்கிழமை வந்தவர் முதல் தடவையாக வெறுங்கையோடு வந்தார். முகத்தில் நான்கு நாள் தாடி. கூடவே அவருடைய அக்கா.

“சரியாச் சாப்பிடக்கூட மாட்டேங்கிறான். எதையோ தேடுறான், என்னன்னு கேட்டா வாயைத் திறக்கிறதில்ல. தனியா அனுப்ப மனசு வரல” என்று சொல்லிவிட்டு அக்கா நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

அவர் குரலைத் தாழ்த்தினார். “நீங்க எங்கயாவது பார்த்தீங்களா? நம்ம மூடி. அடியில நீலக் கொக்கி போட்டு.”

“பார்க்கலையே!” முத்திரை குத்துகிற வேகத்தில் விழுந்தது பொய்.

அவர் முகம் வாடிப்போயிற்று. அதைப் பார்க்கப் பொறுக்காமல், “மூடி போனாப் போகுது சார். எனக்கு மூடி வேணும்னே இல்ல” என்றாள்.

“வேணாமா?”

சொன்ன பிறகுதான் உறைத்தது, கதவைத் தானே சாத்திவிட்டோம் என்று. “இல்ல, அதாவது... கரண்டி! கிண்ணத்தோட ஒரு கரண்டியும் வருமாமே? அதைத் தேடலாமே!”

“மூடியே இல்லாத கிண்ணத்துக்குக் கரண்டி எதுக்குங்க?” அவர் எழுந்துவிட்டார். “உங்களை ஏமாத்திட்டேன். இனிமே வந்து தொந்தரவு பண்ண மாட்டேன்.”

“ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம்!”

சமையலறைக்கு ஓடினாள். ஸ்டூலில் ஏறிப் பரணைத் துழாவினாள். முட்டை வடிவம் இருந்தது, விளிம்பு உடைந்தது இருந்தது, கைப்பிடி போனது இருந்தது. எண்ணினாள். பதினேழு.

“அண்ணி! இங்கே இருந்த...”

அண்ணி அங்கே இல்லை. டீத் தட்டோடு கூடத்தில் இருந்தாள். தட்டின் நடுவில் சூடான பால் பாத்திரம் மட்டும் திறந்து கிடந்தது. அதை மூட அண்ணி பரணிலிருந்து எடுத்திருந்த மூடி கடிகாரக்காரர் கையில் இருந்தது. பிறந்த குழந்தையை ஏந்துவதுபோல் இரண்டு கைகளாலும் ஏந்தியிருந்தார். திருப்பினார். ஆவி வேர்த்த நீலக் கொக்கி.

“இது... இங்க எப்படி?”

அவள் தரையைப் பார்த்தாள். “வியாழக்கிழமையே கிடைச்சிடுச்சு. நான்தான் ஒளிச்சு வெச்சேன். கிடைச்சிடுச்சுன்னா நீங்க... சனிக்கிழமை...”

அண்ணி வாயைப் பிளந்தபடி நின்றாள். அவர் கோபப்படவில்லை. ஆனால் காது இரண்டும் சிவந்துபோய், ஏனோ வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

“அட, இதைத்தான் தேடினியா? பழைய பேப்பரோட சேர்த்துப் புதன்கிழமை நான்தானே பழைய சாமான் கடையில போட்டேன்! ஒன்றரை வருஷமா உன் பீரோவுல சட்டைக்கு அடியில சும்மாதானேடா கிடந்துச்சு?”