இணைப்பு வாங்கிய தேவாங்கு

ஒரு காட்டில், கைபேசியில் ஒரு கோட்டுக்கு மேல் சிக்னல் ஏறாத பள்ளத்தில், பூவரசி என்றொரு தேவாங்கு வாடகைப் பொந்தில் தங்கிக் கல்லூரிக்குப் போய்வந்தது. கூடத் தங்கியிருந்தது அதன் வகுப்புத் தோழி செங்கமலம், ஓர் எறும்புத்தின்னி.

இருவரும் மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வை எழுத வேண்டியிருந்தது. பூவரசிக்கு வியாழக்கிழமை, செங்கமலத்துக்குச் சனிக்கிழமை. தேர்வு ஆன்லைனில், அவரவர் இருக்கும் இடத்திலிருந்தே. நடுவில் இணைப்பு அறுந்தால் அந்த வருடமே போச்சு. அதனால் பொந்துக்கு இணையம் வாங்குவது என்று இரண்டு மாதம் முன்பே முடிவு செய்தார்கள்.

“கீழ்க்கிளையில கேபிள் நடத்துற சிலந்தி அண்ணன்கிட்ட சொன்னா, சாயங்காலமே வந்து இழுத்துக் குடுத்துடுவாராம்,” என்றது செங்கமலம். “கரடி வீட்டுல மூணு வருஷமா அவரோடதுதான்.”

“மழை பெஞ்சா அறுந்துடும்.”

“அறுந்தா அவரே வந்து ஒட்டிடுறாராம்டி.”

“நாம படிச்சவங்க. அலசிப் பார்த்துதான் எடுக்கணும்,” என்றது பூவரசி.

அலசியது. பத்தொன்பது நாள் அலசியது. காட்டில் உள்ள அத்தனை நிறுவனங்களின் வேகத்தையும் விதிமுறைகளையும் கட்டம் போட்டு எழுதிப் பொந்தின் சுவரில் ஒட்டியது. வாடிக்கையாளர் கருத்துகளையும் விடவில்லை. சிறுத்தை ஃபைபர் என்ற நிறுவனத்துக்கு நாற்பது கிளிகள் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தன. நாற்பதும் ‘அருமையாண சேவை’ என்று ஒரே எழுத்துப்பிழையோடு எழுதியிருந்தன. இத்தனை பேருக்கு ஒரே அபிப்பிராயம் என்றால் உண்மையாகத்தான் இருக்கும் என்று பூவரசி முடிவுக்கு வந்தது.

மறுநாளே சிறுத்தை ஃபைபரின் ஏஜெண்ட் மைனா வாசலில் வந்து உட்கார்ந்தது.

“நூறு எம்பி வேகம் மேடம். ஸ்டூடண்டுக்குன்னே தனித் திட்டம்.”

“‘நூறு வரை’ன்னு போட்டிருக்கே. ‘வரை’ன்னா என்ன?”

“அது சும்மா அழகுக்கு மேடம்.”

முகவரிச் சான்று கேட்டார்கள். வாடகைப் பொந்துக்கு ஏது முகவரிச் சான்று? வீட்டுக்காரர் மரங்கொத்தியிடம் கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். மரங்கொத்தி கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, “ஒரே ஒரு கண்டிஷன். சுவருல ஓட்டை போடக் கூடாது,” என்றது. சிரிக்காமல்தான் சொன்னது.

பதினோரு நாள் கழித்து இணைப்புக் கொடுக்க ஆமை வந்தது. ஓட்டை போட முடியாததால் வயரைக் கதவு வழியாக இழுத்தது. அன்றிலிருந்து கதவைச் சாத்த முடியவில்லை. ஆனாலும் ரூட்டரில் பச்சை விளக்கு எரிந்தது. இரண்டு நாள் எல்லாம் பறந்தது. “பார்த்தியா?” என்றது பூவரசி. மூன்றாம் நாள் விளக்கு சிவப்பானது. அப்புறம் பச்சையாகவே இல்லை.

புகார் சொல்ல மர உச்சிக்கு ஏற வேண்டும், அங்கேதான் சிக்னல். ஏறிக் கூப்பிட்டால், ‘உங்கள் புகாரை எங்கள் இணையதளத்தில் பதிவு செய்யவும்’ என்று ஒரு குரல் சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டித்துவிடும். செங்கமலம் சுவரில் இருந்த கட்டங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் பார்வை பூவரசிக்குத் தைத்தது.

தன் தேர்வுக்கு நான்கு நாள் இருந்தபோது பூவரசி மலைமேல் இருந்த சிறுத்தை ஃபைபர் அலுவலகத்துக்கே நேரில் போனது. வரிசையில் நின்றது. உள்ளே குளுகுளுவென்று இருந்தது. ஊழியர்களின் திரைகளில் படங்கள் ஒரு நொடி நிற்காமல் ஓடின. கவுண்டருக்கு மேலே, ‘வாடிக்கையாளர் சேவைக்கு ஆட்கள் தேவை. மாணவர்கள் வரலாம்’ என்று எழுதியிருந்தது. தேவாங்கு அதையே வெகுநேரம் பார்த்தது. பிறகு புகார் வரிசையிலிருந்து விலகிப் பக்கத்து வரிசையில் போய் நின்றது.

மேலாளர் ஒரு புனுகுப்பூனை. “கஸ்டமர் கோபமா கத்தினா என்ன செய்வே?”

“மெதுவா பேசுவேன் சார். எனக்கு வேற மாதிரி பேச வராது.”

“போதும். நாளைக்கு வந்து சேர்ந்துக்கோ.”

வியாழக்கிழமை மதியம் அலுவலகத்தில் தன் மேசையில் உட்கார்ந்தபடியே பூவரசி தேர்வை எழுதியது. ஒரு தடவைகூடத் தடங்கல் இல்லை. முடித்ததும், செங்கமலத்தையும் இங்கே கூட்டிவந்தால் என்ன என்று தோன்றியது. வெளியாட்களை உள்ளே விடக் கூடாது என்ற விதி நினைவுக்கு வந்தது. மேற்படிப்பில் மொத்தம் பன்னிரண்டே இடங்கள் என்பதும் நினைவுக்கு வந்தது. விதியை மதிப்பது என்று முடிவு செய்தது. வேலையில் சேர்ந்ததையும் செங்கமலத்திடம் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை ஓர் அழைப்பு வந்தது.

“மேடம், நான் மர உச்சியிலேருந்து பேசுறேன். அரை மணி நேரத்துல பரீட்சை. கீழே லைன் இல்ல. தயவுபண்ணி ஏதாவது பண்ணுங்க.”

குரல் யாருடையது என்று பூவரசிக்குத் தெரிந்தது. பிறகு எதிரே இருந்த தாளைப் பார்த்து மெதுவாகப் படித்தது. “உங்கள் சிரமம் புரிகிறது. நீங்கள் இருநூறு எம்பி திட்டத்துக்கு மாறினால் உங்கள் புகாருக்கு முன்னுரிமை கிடைக்கும்.”



“பூவரசி? நீயாடி?”

“இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது, மேடம்.”

“சரி,” என்றது செங்கமலம். “மாத்திடுங்க.”

திட்டம் அந்த நொடியே மாறியது. அரை மணி நேரம் கழித்துப் பரீட்சை தொடங்கியபோது விளக்கு சிவப்பாகத்தான் இருந்தது.

பன்னிரண்டு இடங்களில் ஒன்று பூவரசிக்குக் கிடைத்தது. ஒரு வாடிக்கையாளரிடமும் குரலை உயர்த்தாத ஊழியர் என்று அலுவலகச் சுவரில் அதன் படத்தையும் மாட்டினார்கள்.

நீதி: எந்த நிறுவனத்தின் இணையம் நன்றாக இருக்கும் என்று ஆராய்ந்து நாளைக் கழிக்காதீர்கள். எல்லா நிறுவனத்தின் இணையமும் நன்றாகத்தான் இருக்கிறது, அந்தந்த நிறுவனத்துக்கு உள்ளே.