தானாவரும் அண்ணாவின் களைத் தோட்டம்

திருவனந்தபுரம் ஜில்லாவிலேயே சும்மா இருந்து லாபம் பார்த்த ஒரே மனிதர் தானாவரும் அண்ணாதான். சும்மா இருந்து சம்பளம் வாங்கியவர்களை நான் இதில் சேர்க்கவில்லை. அந்தப் பட்டியல் நீளம். அதில் நானும் இருக்கிறேன்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஆபீஸ் ரிஜிஸ்டரில் மட்டும்தான் இருந்தது. நாங்கள் இருவரும் ஸ்ரீவராகத்தில் ஒரே தெரு, ஒரே ஆபீஸ். அவர் எனக்கு ஐந்து வருஷம் சீனியர். கிழக்கேகோட்டையில் நின்றுகொண்டு, பஸ் வரவில்லையே என்று நான் கால் மாற்றி நின்றால், "தானா வரும், ஓய்" என்பார். பிரமோஷனைப் பற்றிக் கேட்டாலும் அதே பதில். ஒருமுறை கேண்டீனில் எனக்கு விக்கல் எடுத்து, தண்ணீர் கேட்டுக் கையை நீட்டினேன். "தானா போகும்" என்றார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய விட்டுக்கொடுப்பு.

எங்கள் சூப்பிரண்டு ராதாமணி மேடம் மலையாளி. நல்ல மனுஷி. அண்ணாவின் மேஜையைப் பார்த்தால் மட்டும் ரத்த அழுத்தம் ஏறிவிடும்.

"சாரே, ஆ டிரான்ஸ்பர் ஃபைல் எவிடே?"

"அடியிலே இருக்கு மேடம். மூக்கட்டும்."

மூக்கட்டும் என்றால் மலையாளத்தில், காய் மாதிரி முற்றட்டும் என்று அர்த்தம். யாராவது ஊர் மாற்றம் கேட்டு மனுக் கொடுப்பார்கள். அண்ணா அதை அடியில் வைப்பார். நினைவூட்டல் வரும். அதை மனுவின் மேல் வைப்பார். இப்படியே இரண்டு வருஷம் போனால், மனுக் கொடுத்தவருக்கு இருந்த ஊரே பிடித்துப்போய், அங்கேயே வீடும் கட்டிக்கொண்டு, மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்வார். "பார்த்தீரா, பழுத்துக் கீழே விழுந்துடுத்து" என்பார் அண்ணா.

அவர் மூக்கப் போட்டிருந்த ஃபைல்களில் ஒன்று, ஆபீஸ் வளாகத்தில் ஓடாமல் நின்ற ஜீப்பை ஏலம் விடுவது பற்றியது. அந்த ஜீப்பின் எதிரேதான் அண்ணாவின் ஜன்னல். முதல் மழைக்கு பானெட்டில் பாசி பிடித்தது. அடுத்து சீட்டில் புல். அப்புறம் கம்யூனிஸ்ட் பச்சை என்று கேரளத்தில் சொல்வார்களே, எங்கே இடம் கிடைத்தாலும் கூட்டம் போட்டுவிடும் அந்தப் புதர், பின்சீட்டைப் பிடித்துக்கொண்டது. நாலாம் வருஷம், துருப்பிடித்து ஓட்டையான தரை வழியாக ஸ்டியரிங்கை ஒட்டி ஒரு பப்பாளி எழுந்து நின்றது. பார்த்தால் டிரைவர் மாதிரியே இருக்கும். அது காய்த்த காயில் ஆபீஸ் முழுக்கக் கூட்டு சாப்பிட்டோம்.

"இந்த ஜீப் ஓடின காலத்திலே ஒரு நாளாவது இத்தனை பிரயோஜனமா இருந்ததோ?" என்று அண்ணா கேட்டார். இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஜன்னல் வழியாக அவர் பார்த்துக்கொண்டிருந்தது வெறும் ஜீப்பை அல்ல என்பது, அவர் மாமனார் போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. மாமனாருக்குக் கல்லாறு பக்கம், பொன்முடி மலைக்குக் கீழே, ஒன்றரை ஏக்கர் ரப்பர் இருந்தது. மரங்களையெல்லாம் வெட்டி விற்றபின் மிச்சமிருந்த சரிவு மன்னிக்கு வந்தது. மன்னி என்றால் அண்ணாவின் மனைவி. பள்ளிக்கூடத்தில் ஹிந்தி டீச்சர். சாதாரணக் கோபத்துக்குத் தமிழ், கொஞ்சம் முற்றினால் மலையாளம், எல்லை தாண்டினால் ஹிந்தி.

நிலம் வெறும் செம்மண். ஒரு மழைக்குப் பாதி மண் ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. துபாயிலிருந்த மன்னியின் தம்பி ஒரு ஆளைப் பிடித்தான். பொன்முடிக்கு வருகிற வண்டிகளை நிறுத்த அந்த ஆளுக்கு இடம் வேண்டுமாம். விற்றுவிடலாம் என்றாள் மன்னி. அண்ணா வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்று வேண்டும் என்று கேட்டார்.

"அந்த மண்ணை எனக்கு மூணு வருஷம் குடு."

மன்னி கொடுத்தாள். நிபந்தனையோடு கொடுத்தாள். "மூணாவது வருஷம் ஆவணி பிறக்கறதுக்குள்ளே அந்த மண்ணுலேர்ந்து வருமானம்னு ஒண்ணு என் கையிலே வந்தாகணும். வரலையோ, கையெழுத்துப் போட்டுடுவேன். அப்புறம் கார் நிறுத்தற எடத்துலே போய் நின்னுண்டு தானா வரும்னு சொல்லிக்கோங்கோ, கார்தான் வரும்."

கேட்டவர்கள் அண்ணா இனி மண்வெட்டியும் கையுமாகப் போவார் என்று நினைத்தார்கள். அவர் குடையும் கையுமாகப் போனார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கல்லாறு பஸ்ஸைப் பிடித்துப் போய், ஒரு ரப்பர் அடிக்கட்டையில் உட்கார்ந்து புல் முளைப்பதைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்பினார். சரிவுக்குக் கீழே டீக்கடை வைத்திருந்த சேட்டனுக்குப் பொறுக்கவில்லை.

"சாரே, காடு வெட்டண்டே?"

"வேண்டா சேட்டா. அது ஜோலி பண்ணிண்டிருக்கு."

சேட்டன் அதற்கப்புறம் அவருக்கு டீயில் சர்க்கரையைக் கூட்டிப் போட்டாராம், பாவம் என்று.

நானும் கேட்டேன். அண்ணா எனக்கு ஆபீஸ் பாஷையில் விளக்கினார். "இதோ பாரும், ஓய். புல்லு களையெல்லாம் ப்யூன். ப்யூன் காலம்பற வந்து கதவைத் திறந்து, பெருக்கி, தண்ணி பிடிச்சு வெச்சாத்தானே க்ளார்க் வந்து உக்கார முடியும்? பயறும் சீமைக்கொன்னையும் எல்.டி. க்ளார்க். வாழையும் பப்பாளியும் யு.டி. க்ளார்க். அவாள்ளாம் வந்து மண்ணுக்கு நிழலும் சத்தும் பண்ணி வெச்சப்புறம்தான் பலா, ஜாதிக்கா மாதிரி டைரக்டரெல்லாம் வரணும். ஊர்லே என்ன பண்றா? பொட்டைத் தரையிலே நேரா டைரக்டரைக் கொண்டு வந்து உக்கார வைக்கறா. அவர் காஞ்சு போறார். அப்புறம் மண்ணு சரியில்லைன்னு சொல்றா."

"ப்யூனை வெச்சு எப்படிண்ணா லாபம் வரும்?"

"நம்ம ஆபீஸ்லே யாரை வெச்சு வேலை நடக்கறது?"

அது சரிதான். ஆனால் நான் நம்பவில்லை. அடுத்த இரண்டு வருஷத்தில் அவர் பயறு விதைத்தார், சீமைக்கொன்னைக் குச்சி நட்டார், அங்கங்கே வாழைக்கன்றும் வைத்தார். மற்றபடி குடைதான். கெடு முடிகிற வருஷம் ஆனி மாதப் பாதியில், நான் ஆபீஸ் நண்பர்கள் நாலு பேரோடும் ராதாமணி மேடத்தோடும் பொன்முடிக்குப் போகிற வழியில் அந்தச் சரிவில் ஏறிப் பார்த்தேன். முழங்காலளவு களை. வாழைகள் அதற்குள் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

இன்னும் ஒன்றரை மாதத்தில் மன்னி கையெழுத்துப் போட்டுவிடுவாள். இந்த மனுஷன் கல்லிடைக்குறிச்சியில் யாரோ ஒன்றுவிட்ட மருமான் கல்யாணத்தில் பாயசம் குடித்துக்கொண்டிருக்கிறார். நாம் இல்லாவிட்டால் இவருக்கு யார் இருக்கிறார்கள்? நண்பனுக்கு உதவ வேண்டும் என்கிற எண்ணம் எனக்கு வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும். வந்தால் யாராவது ஒருவர் கெடுவது நிச்சயம்.

மறுநாளே நான் தனியாக வந்து, டீக்கடைச் சேட்டனிடம் சொல்லி, களை வெட்டும் மெஷினோடு இரண்டு பேரைக் கூலிக்குப் பிடித்தேன். மார்த்தாண்டம் பக்கத்து ஆட்கள். அதில் ஒருவர் மெஷினைக் கிளப்பும் முன் குனிந்து பார்த்தார்.

"சாறே, இதெல்லாம் மருந்துக்கு உள்ளதாக்கும். வெட்டத்தான் வேணுமா?"

"எனக்குத் தெரியாதா? வெட்டும்" என்றேன். எனக்கு ஒரு மண்ணும் தெரியாது.

மத்தியானத்துக்குள் மேல் பாதி மொட்டை. வாழையையும் கொன்னையையும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் தரைமட்டம். சேட்டன் கொடுத்த வரிக்கைச் சக்கையை, அதாவது பலாப்பழத்தை, மூன்று பேரும் அங்கேயே உட்கார்ந்து தின்றோம். கொட்டைகளை வெட்டிப்போட்ட களையின் மேலேயே வீசினோம். கைபேசியில் படம் எடுத்து மன்னிக்கு அனுப்பினேன். பிறகு கீழ்ப் பாதிக்கு இறங்கினோம். அங்கே ஓடைப்பக்கம் ஈரம். பத்தடி போயிருக்க மாட்டேன், வேட்டிக்குள் ஏதோ ஊர்ந்த மாதிரி இருந்தது. பிரித்துப் பார்த்தேன். அட்டை. எந்த இடத்தில் என்பதைக் குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது. நான் போட்ட கூச்சலில் சேட்டன் டீ பாத்திரத்தோடு ஓடி வந்தார். உப்பு வந்தது, புகையிலை வந்தது. நான் வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். மேஸ்திரியே ஓடிப்போனதால் வேலையும் நின்றது.

வீட்டுக்குள் நுழையும்போது மன்னியிடமிருந்து பதில் வந்திருந்தது. அவள் படத்தைத் தம்பிக்கு அனுப்பி, தம்பி அந்த பார்க்கிங் ஆளுக்கு அனுப்பியிருக்கிறான். காடாக இருந்ததால் தயங்கிக்கொண்டிருந்தவன், மொட்டைச் சரிவைப் பார்த்ததும் ஆவணி முதல் தேதிக்குப் பத்திரத்தோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டானாம். "ரொம்ப உபகாரம்" என்று மன்னி எழுதியிருந்தாள்.

அண்ணா திரும்பி வந்ததும் நேராகக் கல்லாறுக்குப் போனார். நானும் கூடப் போனேன். மேல் பாதியைப் பார்த்துவிட்டுக் கட்டையில் உட்கார்ந்தார். திட்டவில்லை. ஆபீஸில் அட்டெண்டன்ஸ் எடுக்கிற மாதிரி ஒவ்வொரு பெயராகச் சொல்ல ஆரம்பித்தார்.

"அருகம்புல்லு... இல்லை. முக்குற்றி... இல்லை. முயல்செவி, கரிசலாங்கண்ணி, விஷ்ணுகிராந்தி... ஒருத்தரும் வரலை. சிறுபீளை, முடக்கத்தான்... லீவு."

நான் கிட்டே போனேன். "என்னண்ணா இதெல்லாம்?"

"ஆடி மாசம் இந்த ஊர்லே தசபுஷ்பம்னு பத்துச் செடி கட்டு கட்டி விக்கறாளோன்னோ, விளக்குக்கு முன்னாடி வைக்க? பத்தும் களைதான், ஓய். எல்லாரும் அவா அவா வீட்டுப் பறம்பிலே வெட்டிப் போட்டுட்டு, கிழக்கேகோட்டையிலே போய்க் காசு குடுத்து வாங்கறா. பச்சைமருந்துக் கடைக்காரர் ஆடி முழுக்க எடுத்துக்கறேன்னு சொல்லியிருந்தார். அவள் கையிலே குடுக்கணும்னு நான் வெச்சிருந்த வருமானம் அதுதான்."

அவர் குரல் கொஞ்சம் தடுமாறியது. முப்பது வருஷத்தில் நான் அதைக் கேட்டதில்லை. செத்துவிடலாம் போலிருந்தது.

"கீழ்ப் பாதியும் போச்சா?" என்றார்.

"இல்லைண்ணா. அங்கே வெட்டலை."

"ஏன்?"

சொன்னேன். அட்டை எந்த இடத்தில் என்பதையும் சொன்னேன். அண்ணா என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கட்டையிலிருந்து சரிந்து, வெட்டிப்போட்ட களையின் மேல் உட்கார்ந்து சிரித்தார்.

நான் பத்து நாள் லீவு போட்டேன். என் சர்வீஸில் நான் நிஜமாக உழைத்தது அந்தப் பத்து நாள்தான். காலில் சுண்ணாம்பும் புகையிலையும் பூசிக்கொண்டு, மழையில் குனிந்து களை பறித்தேன். நான் முக்குற்றிக்குப் பதிலாக வேறு எதையோ பறித்துக் கொடுப்பேன். ராதாமணி மேடம் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, "இது தொட்டாவாடி ஆணு, ஸ்வாமி!" என்று தலையில் அடித்துக்கொண்டு தொட்டாச்சிணுங்கியைப் பிரித்து வைப்பார். தோட்டத்திலும் அவர்தான் சூப்பிரண்டு.

ஆடி பிறந்த அன்று மன்னி வழக்கம்போல் கிழக்கேகோட்டைக்குப் போய் தசபுஷ்பம் வாங்கினாள். வழக்கம்போல் பேரம் பேசினாள். கடைக்காரர் ஒரு பைசா குறைக்கவில்லை. "சேச்சி, இது சாதாரண சாதனம் அல்ல. கல்லாறில் ஒரு ஸ்வாமியுடே தோட்டத்தில் நிந்நு வந்நதா. மருந்து அடிக்காத்தது" என்று ஒரே பெருமை. கேரளத்தில் தமிழ்ப் பிராமணர் எல்லோருமே ஸ்வாமிதான்.

மன்னி வீட்டுக்கு வந்து தசபுஷ்பக் கட்டை மேஜையில் போட்டாள். நான் அப்போது அங்கேதான் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். எடுத்த எடுப்பிலேயே ஹிந்தி. ஐந்து நிமிஷம் நிற்காமல் ஹிந்தி. பிறகு இறங்கி வந்தாள்.

"ஏன்னா, இது நம்ம களையா?"

"ஆமாம்."

"வருஷா வருஷம் இதையா நான் காசு குடுத்து வாங்கறேன்?"

அண்ணா எழுந்து போய், கடைக்காரர் முன்பணமாகக் கொடுத்திருந்ததை மன்னி கையில் வைத்தார். அவள் அதைப் பார்த்தாள், கட்டைப் பார்த்தாள். "இதுலே நான் காலம்பற குடுத்ததும் இருக்கோ?" என்று மட்டும் கேட்டாள். அன்று சாயங்காலமே தம்பிக்குப் போன் போட்டாள். பார்க்கிங் ஒன்றும் வேண்டாம், என் தோட்டம் ஜோலி பண்ணிண்டிருக்கு என்றாள்.

அதற்கப்புறம் எல்லாம் அண்ணா சொன்ன வரிசையிலேயே நடந்தது. களைக்குப் பின் பப்பாளி, வாழை. சத்யை விருந்துச் சமையல்காரர்கள் இலைக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தார்கள். கொன்னையில் மிளகு ஏறியது. நிழல் கூடக் கூடக் களை தானே ஒதுங்கிக்கொண்டது. "ப்யூன்கள் எல்லாம் ரிடையர் ஆயாச்சு" என்றார், அவர் ரிடையர் ஆன வருஷம். இப்போது ஜாதிக்காய் காய்க்கிறது. தோட்ட வருமானம் பென்ஷனைத் தாண்டிவிட்டது என்று மன்னி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள், ஏதோ அவள்தான் முதலிலிருந்து நம்பியவள் மாதிரி.

நான் மொட்டையடித்த மேல் பாதியைப் பற்றி அவர் அப்புறம் பேசியதே இல்லை. நானும் கேட்டதில்லை. கேட்க முகம் வேண்டுமே.

போன மாசம் ஒரு காலை நான் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, வாசலில் ஆட்டோ நின்றது. அண்ணா இரண்டு கையாலும் ஒரு பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க இறங்கினார். என் மடியில் வைத்தார்.

"அன்னிக்கு அங்கே சக்கை தின்னுட்டுக் கொட்டையை வீசினீரே, ஞாபகம் இருக்கோ? வெட்டின களை மக்கி, அதுக்குள்ளேர்ந்து ஒண்ணு முளைச்சுது. நான் பிடுங்கலை. உம்ம தப்பு பழுத்திருக்கு, ஓய். முதல் பழம். எடுத்துக்கும்."

எட்டு வருஷம் அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல். காப்பி சாப்பிடறேளா என்று கேட்டேன். கேட்க முடிந்தது அவ்வளவுதான். அவர் குடித்துவிட்டு, அதே ஆட்டோவில் போய்விட்டார்.

இந்த ஊரில் எனக்கு அவரைவிட வேண்டியவர் ஒருவரும் இல்லை. அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல இன்னும் எனக்கு வாய் வரவில்லை. தானா வரும்.