முப்பத்திரண்டு பல் போட்ட மரங்கொத்தி

ஒரு காட்டில், டவர் நன்றாகக் கிடைக்கும் பக்கமாகப் பார்த்துக் குடியேறிய மரங்கொத்தி ஒன்று இருந்தது. பெயர் கொத்தமுத்து. தொழிலில் கெட்டிக்காரன். சினிமா என்று வந்துவிட்டால் மட்டும் புத்தி கடன் கொடுத்த பணம் மாதிரி காணாமல் போய்விடும். மயில் நடிகர் தோகைவேந்தனின் புதுப்படத்தை முதல் நாள் முதல் காட்சியே பார்த்துவிட்டு வந்தான். அதில் தோகைவேந்தன் கருங்கல் சுவரை ஒரே கொத்தில் உடைத்துக்கொண்டு வெளியே வருவார். மயிலே உடைக்கும்போது, கொத்துவதையே பிழைப்பாக வைத்திருக்கும் நான் உடைக்க மாட்டேனா என்று கொத்தமுத்து ஆற்றோரப் பாறையில் முயன்று பார்த்தான். பாறைக்கு ஒன்றும் ஆகவில்லை. அலகில் விரிசல் விழுந்தது.

வீட்டு நிலைமையோ அவசரம். பொந்து பாதிதான் முடிந்திருந்தது. மனைவி செங்கொண்டை இன்றோ நாளையோ முட்டையிடும் நிலையில் இருந்தாள். வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது.

"தேக்கு கொஞ்சம் கெட்டி, அதான்" என்று அவளிடம் புளுகினான்.

"தேக்கோ பாறையோ, போய் டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க. முட்டைய நான் எத்தன நாளு உள்ளயே வச்சிருக்க முடியும்?" என்றாள் அவள்.

அந்தக் காட்டு மருத்துவமனையில் செல்போனில்தான் டோக்கன் போட வேண்டும். பெயர், இனம், வாலின் நீளம் எல்லாம் கேட்டுக்கொண்டே வந்த படிவம், 'பற்களின் எண்ணிக்கை' என்று ஓரிடத்தில் நின்றுகொண்டது. பறவைக்கு ஏது பல்? பூஜ்ஜியம் போட்டான். கட்டம் சிவந்தது. காலியாக விட்டான். இன்னும் சிவந்தது. எரிச்சலில் முப்பத்திரண்டு என்று போட்டதும் பச்சை விழுந்தது. டோக்கன் எண் பதினொன்று, காலை பத்து மணி.

பத்து மணிக்குச் சரியாகப் போனவனை வரவேற்பு மேசை மைனா பல் பிரிவுக்கு அனுப்பினாள். பல் டாக்டர் முதலை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். "அடப்பாவமே, முப்பத்திரண்டையும் எவன்யா புடுங்கினது?" என்று உச்சுக்கொட்டிவிட்டு, மறுபடி மைனாவிடமே அனுப்பினார்.

"மேடம், எனக்குப் பல்லே கிடையாது. அலகு டாக்டரப் பாக்கணும்."

"அப்பறம் ஏன் சார் முப்பத்திரண்டு போட்டீங்க? பொய்த் தகவல் குடுத்தா டோக்கன் கேன்சல்."

"அலகு டாக்டர் இன்னிக்கு லீவா?"

"கொக்கு சாரா? ஏழாம் நம்பர் ரூம்ல சும்மாதான் இருக்காரு. வேலைக்குச் சேந்ததுலேருந்து அவருக்கு ஒரு டோக்கன்கூட விழல."

"அப்ப நான் ரெண்டு நிமிஷம் உள்ள போயிட்டு வந்துடறேனே."

"டோக்கன் இல்லாம எப்படி சார் போவீங்க?" என்று மைனா நிஜமாகவே அதிர்ந்துபோனாள்.

பக்கத்து நாற்காலியில் வயிற்று வலியோடு ஓர் எறும்புத்தின்னி சுருண்டு கிடந்தது. அதற்கும் பல் கிடையாது. "நான் அறுபத்து நாலுன்னு போட்டேன் அண்ணே. ரெண்டு பேருக்குச் சேத்துப் போட்டுட்டேன்னு சொல்லி அனுப்பிட்டாங்க" என்று முனகியது.

கொத்தமுத்து சுவரிலிருந்த டிவியைப் பார்த்தபடி யோசித்தான். படத்தில் தோகைவேந்தனுக்கு அடிபட்டால் ஸ்ட்ரெச்சர் என்ன ஓட்டம் ஓடுகிறது! டாக்டர் கண்ணாடியைக் கழற்றி, இருபத்து நாலு மணி நேரம் போனால்தான் எதையும் சொல்ல முடியும் என்கிறார். கதாநாயகி கோயில் மணியைப் பிடித்து ஆட்டுகிறாள். உங்களுக்குப் பல் எத்தனை என்று அந்த மனிதரை, இல்லை, அந்த மயிலை எந்தப் படத்திலாவது யாராவது கேட்டார்களா?

வெளியே இடி இடித்தது. மைனா 'சாப்பாட்டு இடைவேளை' பலகையை மாட்டினாள். கூரையில்லாத கிளையில் உட்கார்ந்திருக்கும் செங்கொண்டையை நினைத்ததும் அவனுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கின. வலியைப் பொருட்படுத்தாமல் மைனாவின் மேசையைக் கொத்து கொத்து என்று கொத்தினான். விரிசல் விட்ட அலகில் சத்தம் இரட்டையாக வந்தது. அது அச்சு அசலாகத் தோகைவேந்தன் படத்துக் குத்துப்பாட்டின் தாளம்! குரங்குகள் விசிலடித்தன. காலில் கட்டுப் போட்டிருந்த கரடி கட்டோடு எழுந்து ஆடியது. எல்லாச் செல்போன்களும் மேலே உயர்ந்தன.

பத்தே நிமிடத்தில் அந்த வீடியோ காடு முழுக்கச் சுற்றி, ஏழாம் எண் அறையில் பொழுது போகாமல் போனை நோண்டிக்கொண்டிருந்த கொக்கு டாக்டரிடமும் வந்து சேர்ந்தது. "அட, இது நம்ம ஆஸ்பத்திரி டோக்கன் கவுண்டர் ஆச்சே!" என்று கத்திக்கொண்டே அவர் ஓடி வந்தார்.

"தம்பி, ஒரே ஒரு செல்ஃபி!"

முகத்தோடு முகம் வைத்துப் பார்த்தவர் முகம் சுளித்தார். "அலகுல என்னப்பா கோடு? போட்டோவுல அசிங்கமாத் தெரியுமே."

வேங்கைப் பிசினை வைத்து அங்கேயே ஒட்டிவிட்டார். இரண்டு நிமிட வேலை. டோக்கன் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய மைனா செல்ஃபியில் இரண்டாவது வரிசையில் பல்லில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மழைக்கு முன் பொந்து முடிந்தது. முட்டைகள் நனையவில்லை. கிளம்பும்போது மைனா படிவத்தைப் பார்த்து அடித்துக் கொடுத்த, 'முப்பத்திரண்டு பற்களும் நலம்' என்று எழுதியிருந்த மருத்துவச் சீட்டைச் செங்கொண்டை முட்டைக்கு அடியில் விரித்துக்கொண்டாள்.

மருத்துவமனையும் சும்மா இருக்கவில்லை. நடந்ததை ஆராய்ந்து, மறுநாளே படிவத்திலிருந்து பல் கேள்வியை எடுத்துவிட்டார்கள். எறும்புத்தின்னி ஆசையாகப் போனைத் திறந்தது. அந்த இடத்தில் 'ரசிகர்களின் எண்ணிக்கை' என்று இருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு பூஜ்ஜியம் என்று போட்டது.

கட்டம் சிவந்தது.

நீதி: நோய் வரும்வரை காத்திருக்காதே, உடம்பு நன்றாக இருக்கும்போதே பிரபலமாகிவிடு.