நாக்பூர் வெயிலும் என் குங்குமச் சிமிழும்

மூடிக் கிடக்கும் எதையும் எனக்குத் திறக்க வராது. ஊறுகாய் பாட்டில், சூட்கேஸ், என் வாய், எல்லாம் இதில் அடக்கம். இத்தனைக்கும் ஒரு காலத்தில் மரத்தில் மூடி கடைந்தவன் நான்.

எண்பதுகளின் கடைசியில் மேற்குத் தாம்பரத்தில் ஒரு கடைசல் பட்டறையில் வேலை பார்த்தேன். லேத்தில் கட்டையை மாட்டிச் சுழலவிட்டு, உளியை வைத்துக் கட்டில் கால், சப்பாத்திக் கட்டை என்று உருண்டையான எதையும் செய்வோம். மரத்தூள் புருவமெல்லாம் படிந்து, இருபத்திரண்டு வயதிலேயே அறுபதாம் கல்யாணத்துக்கு உட்கார்ந்தவன் மாதிரி இருப்பேன்.

வசந்தி சேலையூரிலிருந்து வந்ததும் கட்டில் கால் விஷயமாகத்தான். அவள் அப்பா பேங்க் அதிகாரி. நாங்கள் கொடுத்த நாலு காலில் ஒன்று குட்டை.

"அண்ணா, கட்டில் ஆடுது. அப்பா திரும்பிப் படுத்தா வீடே எழுந்துக்குது."

(அந்த 'அண்ணா'வை என்னால் ஒரு வாரம் ஜீரணிக்க முடியவில்லை.) சரிசெய்து கொடுத்தேன். மறுவாரம் வேறொரு காலோடு வந்தாள். "ஏங்க, இப்ப இது ஆடுது." ஏங்க. முன்னேற்றம். மூன்றாவது முறை அவள் கொண்டுவந்த காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. அவளும் குறை எதுவும் சொல்லவில்லை. உளியிலிருந்து சுருள் சுருளாக விழும் சீவலைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனாள்.

பக்கத்து லேத்து பாபு சிரித்தான். "மச்சான், கால்ல ஒண்ணும் இல்ல. ஆடுறது வேற இன்னாவோ."

அன்றே ஒரு குங்குமச் சிமிழ் கடையப் பூவரசங் கட்டையை எடுத்தேன். குட்டித் தொப்பை வைத்த உடம்பு, தலையில் கலசம் வைத்த மூடி. சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்திச் சிவப்பு ஏற்றி, உள்ளே விளிம்புவரை குங்குமத்தை நிரப்பினேன். கல்யாணமாகாத பெண்ணுக்கு ஒருவன் குங்குமம் கொடுத்தால் அப்புறம் எதையும் வாயால் சொல்ல வேண்டியதில்லை. (வாய் திறக்காதவனின் ஏற்பாடு.)

நல்ல சிமிழ் மூடியை இழுத்தால் 'பொக்' என்று ஒரு சத்தம் வரும். எனக்குச் சாதாரண 'பொக்' போதவில்லை. காற்றுகூடப் புகாத அளவுக்கு இறுக்கமாகக் கடைந்தேன்.

"இம்மாம் டைட்டு வாணாம் மச்சான், மழைல மரம் ஊதிக்கும்" என்றான் பாபு.

"லவ்வுன்னா இறுக்கமாத்தான்டா இருக்கணும்" என்றேன். (இதை நான் சொன்னதற்குச் சாட்சி இருக்கிறது. மறுக்க வழியில்லை.)

அது புரட்டாசி வெயில். சிமிழைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு தினமும் சேலையூர் பக்கம் போவேன். போன வேகத்தில் திரும்பிவிடுவேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் வசந்தி கையில் எந்தக் காலும் இல்லாமல் வந்தாள்.

"அப்பாவுக்கு நாக்பூருக்கு மாத்தல். ஞாயித்துக்கிழமை கிளம்பறோம்."

கேட்பதற்கு எவ்வளவோ இருந்தது. நான் கேட்டது, "கட்டில்?"

"லாரில போகுது. இப்ப ஆடல" என்றாள்.

ஞாயிறன்று நல்ல மழை. சென்ட்ரலுக்குப் போக அவர்கள் ஏறியிருந்த மின்சார ரயில் தாம்பரத்திலேயே நின்றுகொண்டிருந்தது. ஜன்னலோரம் வசந்தி. சிமிழை நீட்டினேன். குறுக்கே ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது. அவள் அப்பாவின் கை.

"உங்க கடை வேலையாப்பா? அழகா இருக்கே. உள்ள என்ன?"

"ஒண்ணும் இல்ல சார். காலி."

"தொறந்துதான் பாப்போமே."

அவர் போட்டிருந்தது வெள்ளைச் சட்டை. மூடி திறந்தால், நான் வசந்தியிடம் சொல்ல நினைத்ததை அந்தச் சட்டை ரயில் பெட்டி முழுக்கச் சொல்லிவிடும். அவர் இழுத்தார். கைக்குட்டையைச் சுற்றித் திருகினார். முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு முக்கினார். குங்குமம் படாமலே முகம் சிவந்தது.

"இது மூடிதானா, இல்ல ஒரே கட்டையா?"

"மூடிதான் சார்."

"எப்படித் தொறக்கறது?"

"மெதுவா சார்" என்றேன். அதற்கு மேல் எனக்கே தெரியாது.

எதிர் சீட்டில் கீரைக்கூடையோடு இருந்த அம்மாள் கையை நீட்டினாள். "இப்டி குடு சார். சோடா மூடியவே பல்லால தொறக்கிறவ நான்." கடித்தாள். திறக்க வேண்டும் என்று உயிரைக் கொடுத்துக் கடைந்த மூடி திறக்கவே கூடாது என்று பிளாட்பாரத்தில் நின்று வேண்டிக்கொண்டேன். "பேஜாரா கீதே. இன்னாபா, சிமெண்ட் வச்சி பூசிக்கினியா?" என்றாள் என்னைப் பார்த்து.

ரயில் நகர்ந்தது. வசந்தி சிமிழை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "நான் தொறந்துக்கறேன்" என்றாள், யாரையும் பார்க்காமல். கூடவே நடந்தேன், ஓடினேன். பிளாட்பாரம் முடிந்துவிட்டது.

அதற்கப்புறம் யாராவது கட்டில் காலோடு வாசலில் நின்றால் நெஞ்சு ஒருமுறை எழுந்து உட்காரும். திறந்தாளா, இல்லையா? திறந்தும் பேசாமல் இருக்கிறாளா? அவள் வேண்டாம் என்றுவிட்டாள் என்பதைவிட நான் மட்டமான கடைசல்காரன் என்பதே தேவலாம் என்று பட்டது. பொங்கல் போயிற்று, மாசி போயிற்று.

மே மாதம் பட்டறைக்கு ஒரு சின்னப் பார்சல் வந்தது. உள்ளே துண்டுக் காகிதம்கூட இல்லை. என் மூடி மட்டும் இருந்தது, உட்புறம் சிவப்பாக.

பாபு வாங்கிப் பார்த்தான். "மூடி இங்க கீது, டப்பா அங்க கீது. போய்ப் போட்டுட்டு வா மச்சான்."

போனேன். நாக்பூர் வெயிலில் மரம் வற்றி, டிவி மேலிருந்த சிமிழை அவள் அப்பா நகர்த்தியபோது மூடி தானாகவே கையோடு வந்துவிட்டதாம். உள்ளே இருந்த குங்குமமெல்லாம் அவர் வெள்ளைச் சட்டைக்கு. அவர் மனம் திறக்க இன்னும் சில கோடைகள் ஆயின. மாமனாரான பிறகு அந்தச் சட்டையின் கதையை வருஷா வருஷம் சொன்னார்.

எங்கள் வீட்டில் யார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் இன்றைக்கும் ஒரே வசனம்தான்: "விடு, மே மாசம் தானா தொறந்துக்கும்."

இப்போது வசந்தி, எங்கள் மகளின் பிரசவத்துக்காகக் கடல் தாண்டிப் போயிருக்கிறாள். இங்கே விடாத மழை. சிமிழ் பிரிட்ஜ் மேல் இருக்கிறது. (இந்தக் காலத்து டிவி மேல் எதை வைப்பது?) போகும்போதும் வரும்போதும் ஒருமுறை இழுத்துப் பார்க்கிறேன்.

நேற்று போனில் கேட்டாள். "சிமிழ் தொறக்குதா?"

"இல்ல. நல்லா இழுத்தும் பாத்துட்டேன்."

"அதுக்குள்ள ஏன் இழுக்கறீங்க? நான் மே மாசம்தானே வரேன்."