சனியின் எடை நாலு கிலோ

வானத்துச் சனியைக் கிலோக் கணக்கில் நிறுத்துச் சொல்லும் தராசு சாமி ஊருக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. வரிசை தெருமுனை வரை நிற்கிறது. வெளியே ஒரு தராசு. அதில் ஏறினால் உங்கள் சொந்த எடை. உள்ளே சாமியின் மேசையோரம் இன்னொன்று. அதில் ஏறினால் நாலு கிலோ கூடும். கூடியது சனி! பெரிய படிப்புப் படித்தவர்கள்கூடச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினார்கள். சனி எடையில் செருப்பு எடை கலந்துவிடக் கூடாதல்லவா? அவ்வளவு விஞ்ஞானம்!

அன்று காலை சலவைக்கடைக்காரர் தன் மகளோடு வந்திருந்தார். அவளுக்கு பஸ் ஓட்டுகிற வேலை கிடைத்திருக்கிறது. பன்னிரண்டு மணிக்குள் டிப்போவில் சேராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

அவளை ஏற்றிப் பார்த்துவிட்டு, "நாலு கிலோ முழுசா இருக்கு," என்றார் சாமி. "ஏழு வாரம் ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது. வாராவாரம் வந்து காணிக்கை வச்சு சனியை இறக்கிக்கணும்."

"அப்பா, வேலை போயிடும்பா!"

"உசிரே போனா வேலை எதுக்கும்மா?" மனிதர் பாவம், நிஜமாகவே நம்பினார். மகளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து மேசையோரத் தராசில் எண்கள் அணைந்துபோயின. வரிசை கலைந்துவிடுமே என்ற அவசரத்தில், கூட்டத்தின் நடுவிலேயே தராசு மெக்கானிக்கைக் கூப்பிட்டார் சாமி. கெட்டது குடி.

மெக்கானிக் அக்கா வந்து, தளர்ந்த ஒயரை முறுக்கினார். எண் வந்தது. ரிப்பேர் செய்த தராசைப் படிக்கல் வைத்துச் சரிபார்க்காமல் விட அவருக்கு மனசு வராது. இருபது கிலோ இரும்புக் கல்லைத் தூக்கி வைத்தார்.

இருபத்து நாலு.

"கல்லுக்கும் சனி பிடிச்சிருக்கா சாமி?"

"இரும்பு சனிக்கு உகந்த உலோகம்மா!" சளைக்கவில்லை அவர். கூட்டம் 'ஆஹா' என்றது.

அக்கா சலவைக்கடைக்காரர் பக்கம் திரும்பினார். "அண்ணே, சனியில கால் வைக்கத் தரையே கிடையாது. அதைப் போடுற அளவுக்குத் தொட்டி கிடைச்சா தண்ணியில மிதக்கும். இருக்கிறதோ நூத்தி இருபது கோடி கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம். அது உங்களை இழுக்கிறதைவிட, ஒட்டி நிக்கிற நான் அதிகமா இழுக்கிறேன்."

சலவைக்கடைக்காரர் பதறி இரண்டடி தள்ளி நின்றார்.

"பயப்படாதீங்க, அதுவும் ஒரு கொசு எடைக்குத் தேறாது. சாமி, நீங்க கொஞ்சம் ஜன்னல் பக்கம் போங்க."

"நான் எதுக்கு?"

"சும்மா, காத்து வாங்கத்தான்."

எல்லோரும் பார்க்கிறார்கள், எழுந்துதானே ஆகவேண்டும்? எழுந்தார். எண் இருபதுக்கு இறங்கியது.

அக்கா மேசை விரிப்பைத் தூக்கினார். தராசின் அடியிலிருந்து ஒரு கம்பி. அதன் நுனியில், சாமியின் கால் இருந்த இடத்தில், மிதிகட்டை. ஆறு மாதமாக யார் ஏறினாலும் மிதித்துப் பழகிய கால், இரும்பையும் விட்டுவைக்கவில்லை. பழக்க தோஷம்! அந்த அறையில் உண்மையாக இருந்த ஒரே தோஷம் அதுதான்.

"மணி பதினொண்ணே கால்தாம்மா, ஓடு!" என்று கத்திய சலவைக்கடைக்காரர், மகளுக்கு முன்னால் தானே ஓடினார்.

வரிசையில் ஒருவர் மட்டும் மெல்லக் கேட்டார்: "அப்போ, ராகுவை எடை போடுற தராசு எங்க இருக்குங்க?"

ஐயா, சனி தன் பாட்டுக்கு வானத்தில் சுற்றுகிறது. அதைத் தலையில் ஏற்ற ஒரு ஆள் வேண்டும். குனிந்து கொடுக்க நாம் வேண்டும். குனிவதுதான் குனிகிறீர்கள், எதிரே இருப்பவனின் கால் எங்கே இருக்கிறது என்றாவது பாருங்கள்.